வெண்கலக் குரல் விருதின் தோற்றமும் நோக்கமும்

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று காலை முதல் வேலையாக ரேடியோவைப் போட்டேன், வழக்கம்போல. இரண்டாவது வேலையாக அதை அணைத்தேன். நடுவில் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் செய்தி வாசித்த பெண் சொன்னாள்: "மறைந்த மூத்த செய்தி வாசிப்பாளரின் நினைவாக, சிறந்த ஒலிபரப்பாளருக்கு ஆண்டுதோறும் வெண்கலக் குரல் விருது வழங்கப்போவதாக அவரது துணைவியார் அறிவித்துள்ளார்." அந்தத் துணைவியார் என் அக்கா. விஷயம் எனக்கு ஊரோடு சேர்ந்து தெரிகிறது.

உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாயா? நீ போனை எடுப்பதில்லை என்பதால் எதையும் எழுதித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நான் நலம்.

நிலையத்தில் இன்று வேறு பேச்சே இல்லை. கேன்டீனில் நாடகப் பிரிவுக்காரர் என்னைப் பார்த்து, "தங்கக் குரல்னு பேர் வச்சா தங்கத்துல செய்யணும். வெண்கலம்னா சல்லிசா முடிஞ்சுரும். உங்க அக்கா ஆளு கெட்டிங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் என் மூஞ்சியைப் பார்ப்பார்கள்.

செய்தியில் கடைசியாக ஒரு வரி வந்தது. "வெள்ளம் வந்த நாளில் பதினொரு மணி நேரம் ஓயாமல் ஒலித்த குரலைப் போற்றும் விதமாக." பத்தொன்பது வருடம் கழித்து அந்த நாளைத்தான் எடுக்க வேண்டுமா, அக்கா? அத்தான் நன்றாக வாசித்த நாட்கள் வேறு எத்தனையோ இருக்கின்றன. டேப் நூலகத்தில் என் வேலையே தேடி எடுத்துக் கொடுப்பதுதான். சொன்னால் வேறு நாள் தேடித் தருகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் தங்கை


ஜனவரி 19

அன்புள்ள கீச்சுவுக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, வலியும் அப்படியே. மற்றபடி சுகம். நீ சரியாகச் சாப்பிடுகிறாயா?

உன்னிடம் முதலில் சொல்லவில்லை என்று கோபம். சொல்லியிருந்தால் "எதுக்குக்கா இதெல்லாம்" என்று ஆரம்பித்திருப்பாய். உனக்குத் தெரியுமா, உன் அத்தான் போய் ஒரு வருடம்கூட ஆகவில்லை, உங்கள் நிலையத்திலேயே புது அறிவிப்பாளர் ஒருத்தி அவர் படத்தைப் பார்த்து "யாரு இந்த மீசை?" என்றாளாம். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். முதல் விருது நடுவர் குழுத் தலைவரின் மருமகளுக்கு. அப்படிப் பார்க்காதே, நன்றாகத்தான் வாசிக்கிறாள்.

உனக்கு ஒரு வேலை. விழா மலரின் முதல் பக்கம், "விருதின் தோற்றமும் நோக்கமும்", நீ எழுத வேண்டும். கல்லூரியில் இலக்கியம் படித்தவள். உனக்குக் குரல்தான் வாய்க்கவில்லை, எழுத்தாவது வாய்த்ததே. இரண்டாவது பத்தியில் வெள்ளம் வரட்டும். அந்த டேப் ஆபரேட்டர் விஷயத்தையும் ஒரு வரியில் தொட்டுவிடு. "ஊழியர் ஒருவரின் அலட்சியத்தால் நேர்ந்த பெரும் பிழையைத் தன் குரலால் ஈடுசெய்தார்" என்பதுபோல. பெருந்தன்மையாக இருக்க வேண்டும், திட்டுவதுபோல இருக்கக் கூடாது.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலம் அறிய ஆவல். நூலகத்தில் குளிர்சாதனம் பழுதாகிப் பத்து நாளாகிறது. டேப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. விசிறியால் அவற்றுக்குக் காற்று வீசிக்கொண்டிருக்கிறேன், காய்ச்சல்காரருக்கு வீசுவதுபோல.

பக்கத்தை எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இப்படி ஆரம்பிக்கிறது: "ரேடியோ கேட்பவர் பேசுபவரைப் பார்க்க முடியாது. நம்பத்தான் முடியும். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுகிறவரைத் தேடிக் கௌரவிப்பதே இந்த விருதின் நோக்கம்." அத்தானின் உச்சரிப்பு, அவர் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது எல்லாம் இருக்கிறது. வெள்ளத்தைத் தொடவில்லை.

"அணை திறக்கப்படாது, வீட்டிலேயே இருங்கள்" என்று அத்தான் குரலில் டேப் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தண்ணீர் வந்தது. ஆற்றோரக் குடியிருப்பில் பதினேழு பேர். அதற்குப் பிறகு அவர் வந்து பதினொரு மணி நேரம் வாசித்தார், உண்மை. ஆனால் அவர் வாசித்ததில் பாதி, செத்தவர்களின் பெயர். ஓட விட்ட பழிக்கு டேப் அண்ணனின் வேலை போனது. அவர் உயிரோடு இருக்கிறார், அக்கா. மகள் வீட்டில் இருந்துகொண்டு மின்விசிறியும் இஸ்திரிப் பெட்டியும் சரிசெய்து கொடுக்கிறார். அவரைத் திரும்பவும் கெட்டி அட்டையில் அச்சடிக்க வேண்டுமா?

உன் தங்கை


பிப்ரவரி 16

அன்புள்ள கீச்சுவுக்கு,

நான்கே நாளில் பதில் எழுதுகிறேன் என்பதிலிருந்தே என் உடம்பு நன்றாக இருக்கிறது என்று தெரிந்துகொள்.

உன் பக்கத்தைப் படித்தேன். அழகாக இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாது. வெள்ளம் இல்லாவிட்டால் உன் அத்தான் யார்? இன்னொரு செய்தி வாசிப்பாளர். ஊருக்கு ஒருவர் இருக்கிறார். உச்சரிப்புக்கு யாராவது விருது வைப்பார்களா? அந்தப் பதினொரு மணி நேரம்தான் அவர். அதைத்தான் ஜனங்கள் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் என்ன நடந்தது, ஏன் நடந்தது என்று எவனும் கேட்டுவிடக் கூடாது என்றால், நாமே ஒரு வரி சொல்லி மூடிவிட வேண்டும். மூடாத பாத்திரத்தில்தான் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

அந்த ஆள் மேல் உனக்குத் திடீரென்று இத்தனை பாசம். விசாரணையில் இந்தப் பாசத்தைக் காணோமே.

திருத்தி அனுப்பு. மே கடைசிக்குள் அச்சுக்குப் போக வேண்டும். டேப்புக்கு வீசுகிற காற்றில் கொஞ்சம் உனக்கும் வீசிக்கொள்.

உன் அக்கா


மார்ச் 21

அன்புள்ள தங்கச்சிக்கு,

டேப் அண்ணன் எழுதுவது. நீங்கள் நலமா? நானும் மகளும் பேத்தியும் நலம். எனக்குக் கண்ணில் கொஞ்சம் புகை, மற்றபடி குறையில்லை. இத்தனை வருடம் கழித்து இவன் எதற்கு எழுதுகிறான் என்று நினைப்பீர்கள்.

ரேடியோவில் விருது அறிவிப்பு கேட்டேன். விதிமுறை வாங்கிப் படித்தேன். "தொழில்நுட்பப் பணியாளர்களும் விண்ணப்பிக்கலாம்" என்று ஏழாவது விதி சொல்கிறது. விண்ணப்பித்திருக்கிறேன். மகள், "ஏம்பா, உங்களுக்குக் கொஞ்சமாவது ரோஷம் இருக்கா?" என்றாள். ரோஷம் இருந்தால் இஸ்திரிப் பெட்டி சூடாகுமா என்றேன். சிரித்துவிட்டாள்.

இருபத்திரண்டு வருடச் சேவை. நம் நிலையத்தில் மௌனம் பத்து விநாடிக்கு மேல் போனால் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் அல்லவா, என் ஷிப்டில் ஒருநாளும் ஐந்து விநாடி தாண்டியதில்லை. அதைத்தான் தகுதியாக எழுதியிருக்கிறேன். பணியில் இருக்கும் ஒருவர் பரிந்துரைக்க வேண்டுமாம். உங்களைத் தவிர எனக்கு யாரைத் தெரியும்?

அந்த நாளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் உங்கள் மேல் எனக்கு வருத்தம் இருந்தது. டேப்பை நிறுத்தச் சொன்னதாக நீங்கள் எழுதிக் கொடுத்தீர்கள். என் ஞாபகத்தில் நீங்கள் சொல்லவே இல்லை. பல வருடம் யோசித்தேன். நீங்கள் படித்தவர், பொய் எழுதுகிற ஆளில்லை. என் காதில் ஹெட்போன் இருந்தது. நீங்கள் சொல்லியிருப்பீர்கள், நான்தான் காதில் வாங்கவில்லை. இப்போது எனக்கே அது நடந்தமாதிரி தெரிகிறது, நீங்கள் கதவில் நின்று வாயசைப்பது உட்பட. அதனால் மனதில் எதுவும் வைத்துக்கொள்ளாமல் படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்.

என்றும் அன்புடன்
டேப் அண்ணன்


ஏப்ரல் 29

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நூலகத்தில் வேலை அதிகம்.

படிவத்தைப் பூர்த்திசெய்து விருதுக் குழுவுக்கு நேராக அனுப்பிவிட்டேன். "இவருக்கு இணையான பணியாளரை நான் பார்த்ததில்லை" என்று எழுதியிருக்கிறேன். அது உண்மை.

கண்ணை மருத்துவரிடம் காட்டுங்கள். பேத்தி எந்த வகுப்பு?

அன்புடன்
தங்கச்சி


மே 18

அன்புள்ள கீச்சுவுக்கு,

சுகமா? நான் சுகம். முழங்காலுக்குப் புது மருத்துவர் பார்க்கிறேன், வலி குறையவில்லை, ஆனால் ஆள் மரியாதையாகப் பேசுகிறார்.

குழுவில் விண்ணப்பங்களைப் பிரித்தபோது ஒரே சிரிப்பு. பதினேழு பேரைக் கொன்ற ஆபரேட்டர் சிறந்த ஒலிபரப்பாளர் விருதுக்கு மனுப்போட்டிருக்கிறார், பரிந்துரை செய்தது விருது கொடுப்பவரின் தங்கை! தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு முதலில் மானம் போனது. பிறகுதான் உன்னால் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்று புரிந்தது.

அவரை மேடைக்குக் கூப்பிடப்போகிறேன். விருதுக்கு இல்லை. எல்லோர் முன்னாலும் நான் அவர் கையைப் பிடித்து, "என் கணவர் சார்பாக உங்களை மன்னிக்கிறேன்" என்று சொல்லப்போகிறேன். நேரடி ஒலிபரப்பு. தலைவர் "அம்மா, இதுதான் விழாவின் உயிர்" என்றார். ஆளுக்குக் கடிதம் போய்விட்டது.

உனக்கும் ஒரு பரிசு வைத்திருக்கிறேன். தோற்றமும் நோக்கமும் பக்கத்தை நீயே மைக்கில் வாசி. குரல் தேர்வில் இரண்டு தடவை தோற்று வந்து என் மடியில் படுத்து அழுதாயே, இப்போது இரண்டு நிமிடம் முழுதாக உனக்கு. கீச்சென்று கேட்டால் கேட்கட்டும், குடும்பத்துப் பெண் என்று பொறுத்துக்கொள்வார்கள். நான் கேட்ட வரி பக்கத்தில் இருக்க வேண்டும். அது இருந்தால்தான் மன்னிப்புக்கு அர்த்தம்.

உன் அக்கா


மே 26

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

என் தப்புதான். படிவத்தை அனுப்பியிருக்கக் கூடாது. ஒரு ஆறுதல் பரிசாவது கொடுப்பீர்கள் என்று நினைத்தேன். மேடை வேண்டாம், அக்கா. விருது கொடுக்காதே, விண்ணப்பத்தைக் கிழித்துப் போடு, அவர் ஒன்றும் சொல்லமாட்டார். மன்னிக்க மட்டும் செய்யாதே. மன்னிக்க அங்கே என்ன இருக்கிறது என்று நம் இருவருக்கும் தெரியும்.

அன்று நான் யாரிடம் பேசினேன், என்ன பதில் வந்தது என்று ஒரு நாளும் நான் வாய் திறந்ததில்லை. அத்தானிடம்கூட. அதற்காகவாவது இந்த ஒன்றைக் கேள்.

உன் தங்கை


ஜூன் 20

அன்புள்ள கீச்சுவுக்கு,

உன் கடிதத்தைக் கொஞ்ச நாள் மேசையில் போட்டு வைத்திருந்தேன், சூடு ஆறட்டும் என்று. சுகமாக இருக்கிறேன்.

"நம் இருவருக்கும் தெரியும்" என்று எழுதுகிறாய். எனக்குத் தெரிந்ததெல்லாம் விசாரணைக் கோப்பில் இருப்பது. "இரண்டு ஐம்பதுக்கு அணையிலிருந்து தகவல் வந்தது. உடனே டேப்பை நிறுத்தச் சொன்னேன். ஆபரேட்டர் நிறுத்தவில்லை." கீழே கையெழுத்து யாருடையது? நான் அழுதேனா, உன் காலில் விழுந்தேனா? நீயாக எழுதினாய். உனக்காகவும்தான் எழுதினாய். எழுதிவிட்டு எனக்காகத் தியாகம் செய்ததாக உனக்குள் ஒரு வேஷம். நான் நன்றி சொல்லவில்லை என்ற முணுமுணுப்பு உன் ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறது. பார்த்தாயா, வேறு யாருக்குக் கேட்காவிட்டாலும் உன் குரல் எனக்கு நன்றாகவே கேட்கும்.

வேண்டுமானால் அவரிடம் போய்ச் சொல். பத்தொன்பது வருடமாகத் தன்னையே திட்டிக்கொண்டு அவர் பழகிவிட்டார். இப்போது போய், "அண்ணே, நீங்க ஒண்ணுமே பண்ணல" என்றால், அந்தப் பத்தொன்பது வருடத்தை எங்கே கொண்டுபோய் வைப்பார்? நான் அவருக்குக் கொடுக்கப்போவதாவது அவர் கையில் வாங்கிக்கொள்ளக் கூடியது. சரி என்று எழுதிவிட்டார். இரண்டு முறை நன்றி என்று வேறு.

திருத்திய பக்கம் வெள்ளிக்கிழமைக்குள் வர வேண்டும். அச்சகம் உன்னால் காத்திருக்கிறது.

உன் அக்கா


ஜூலை 2

அன்புள்ள தங்கச்சிக்கு,

நலம், நலமறிய ஆவல். கண்ணைக் காட்டினேன், அறுத்தால் சரியாகுமாம். விழா முடியட்டும் என்று தள்ளிவைத்திருக்கிறேன்.

உங்கள் அக்கா கடிதம் எழுதியிருந்தார்கள். நான்கு தடவை படித்தேன், பேத்தியையும் ஒரு தடவை படிக்கச் சொன்னேன். அவர்கள் மன்னிக்கிறேன் என்று சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, பெரிய மனது. மகள்தான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. "ஊர் பூரா கேக்க அவமானப்படப் போறீங்களா?" என்றாள். அவமானப்பட்டாகிவிட்டதே அம்மா, இது அதற்கு ரசீது என்றேன். பிறகு அவளே ஒரு புதுச்சட்டை வாங்கி வந்தாள். நீல நிறம்.

மேடைக்கு எத்தனை படி, கைப்பிடி இருக்கிறதா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். கண் சரியில்லை, தடுக்கி விழுந்தால் நேரடி ஒலிபரப்பில் சத்தம் போகும்.

பத்தொன்பது வருடம் கழித்து அந்தக் கட்டடத்துக்குள் வருகிறேன். என் ஒலிப்பலகை இன்னும் இருக்கிறதா?

என்றும் அன்புடன்
டேப் அண்ணன்


ஜூலை 6

அத்தானுக்கு,

நலமா என்று கேட்கும் வழக்கத்தை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன். உயிரோடு இருப்பவர் யாருக்கும் எழுத முடியாததால் உங்களுக்கு எழுதுகிறேன். அண்ணனுக்குப் பதில் போட்டுவிட்டேன்: நான்கு படி, வலது பக்கம் கைப்பிடி உண்டு, ஒலிப்பலகையை மாற்றிவிட்டார்கள்.

உங்களிடம் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. அன்று ஒரு மணிச் செய்தியோடு அந்த அறிவிப்பையும் டேப்பில் பதிந்து, மணிக்கொரு தரம் போடச் சொல்லிவிட்டு நீங்கள் சாப்பிட வீட்டுக்குப் போனீர்கள். இரண்டு ஐம்பதுக்கு, அப்போது நான் வேலை பார்த்த செய்தி மேசைக்கு அணையிலிருந்து பொறியாளர் பேசினார். நாலு மணிக்குத் திறக்கிறார்கள், ஆற்றோரத்தைக் காலி செய்யச் சொல்லுங்கள் என்றார். நான் உங்கள் வீட்டுக்குப் போன் போட்டேன். அக்கா எடுத்தாள்.

"இப்பதான்டி கண்ணசந்தாரு. ரெண்டு நாளா தூக்கமே இல்ல."

"அணைய திறக்கிறாங்களாம்க்கா. அவர்தான் வந்து வாசிக்கணும், இங்க வேற ஆளே இல்ல."

"நாலு மணிக்குத்தானே? தண்ணி இங்க வந்து சேர நேரமாகும், நாலரைக்கு எழுப்புறேன். சும்மா சும்மா அடிக்காத, மணிச் சத்தத்துல முழிச்சுக்குவாரு."

மறுபடி போட்டேன். ரிசீவரை எடுத்துக் கீழே வைத்திருந்தாள்.

நீங்கள் ஐந்து மணிக்கு வந்தீர்கள். கடைசிவரை, ஆபரேட்டர் கோட்டை விட்டார் என்றே நம்பினீர்கள். அதை உங்களுக்கு நம்பக் கொடுத்தது நாங்கள் இரண்டு பேரும்.

என் மேசையிலிருந்து அண்ணனின் அறைக்கு எட்டு அடி. நடுவில் கண்ணாடி. மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் அவர் என்னைப் பார்த்து, டீ வந்ததா என்று கையால் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அவர் திரும்பி டேப்பை ஓடவிட்டார். நான்கு மணிக்கும் ஓடவிட்டார். நான் அவரிடம் சொல்லவே இல்லை. சொன்னால் நிறுத்தியிருப்பார். நிறுத்திவிட்டு, "யாரும் இல்லேன்னா என்ன, நீங்க போய் பேசுங்க" என்று என்னை மைக் முன்னால் தள்ளியிருப்பார். குரல் தேர்வில் தேறாதவர் மைக்கில் பேசக் கூடாது என்பது விதி. ஆனால் விதியா என் கையைப் பிடித்தது? இரண்டாவது தேர்வில் நீங்கள் நடுவராக உட்கார்ந்திருந்தீர்கள். நான் வாசித்து முடித்ததும், "பூனை வாலை மிதிச்ச மாதிரி இருக்கு" என்றீர்கள். ஐந்து பேர் சிரித்தார்கள். ஊர் முழுக்க அப்படிச் சிரிக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்துக்குப் பதினேழு பேர். அதற்கும் கீழே வேறு ஏதாவது இருக்கிறதா, உங்கள் குரல் ஒரு தடவையாவது பொய்யாகட்டும் என்பதுபோல எதுவும், என்று தேடியிருக்கிறேன். கை பட்ட இடத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அக்கா கேட்ட வரியைச் சேர்த்துப் பக்கத்தை அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்துவிட்டது, நல்ல தாள். நாளை மறுநாள் அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் மைக் முன்னால் நிற்பேன். வாசிக்கப்போவது அதை இல்லை. இந்த விருது உண்மையில் எங்கே தோன்றியது என்று வாசிக்கப்போகிறேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது சொன்னதாக ஆகாது. அண்ணனிடம் முதலில் சொல்வதுதான் முறை. ஆனால், "வேணாம்மா, நீங்க மாட்டிக்குவீங்க" என்பார். நானும் அதையே சாக்காக வைத்துக்கொண்டு வாயை மூடிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். நீலச் சட்டையில் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரோடும் சேர்ந்துதான் அவரும் கேட்பார். அந்தக் கொடுமையையும் நான்தான் செய்கிறேன்.

எழுதிக் கொடுத்ததை விட்டு நான் வேறு பேசுகிறேன் என்று ஒலிப்பலகையில் இருப்பவருக்கு உறைக்க நாலு விநாடி. தலைவர் முகத்தைப் பார்க்க மூன்று. ஒலியைக் குறைக்க இரண்டு. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வாசித்துப் பார்த்தேன். மூச்சு வாங்காவிட்டால் ஒன்பது விநாடியில் இரண்டு வாக்கியம் அடங்கும்.

அக்காவைப் பற்றிய வாக்கியத்தைத்தான் முதலில் வைத்திருந்தேன். இன்று காலை இடம் மாற்றினேன். இப்போது இப்படி ஆரம்பிக்கிறது: "டேப்பை நிறுத்தச் சொல்லி நான் அவரிடம் சொல்லவே இல்லை, சொன்னதாகப் பொய்யாகக் கையெழுத்துப் போட்டேன்." இதற்கே ஏழு விநாடி ஆகிவிடுகிறது. மீதி இரண்டுதான் அக்காவுக்கு.